ஜப்பானியக் குடும்பத்தோடு தங்கிப் படித்தால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

பரிமாற்ற மாணவராகப் போனால் அந்த வீட்டில் நாட்கள் எப்படிப் போகும், வெளியே எல்லாம் கூட்டிப் போவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கல்லூரியில் படிக்கும்போது இஷிகாவா மாகாணத்தில் கனசாவா என்ற ஊரில் ஒரு குடும்பத்தோடு ஒரு கல்வியாண்டு தங்கியிருந்தேன். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். வீட்டில் அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் ஒரு தம்பி, பாட்டி. அம்மாவை ஒகாசான் என்றுதான் கூப்பிடுவேன்.

கூட்டிப் போவார்கள், நிச்சயமாக. ஆனால் அதற்கு முன்னால் அந்த வீட்டின் ஒழுங்கில் உங்களுக்கென்று ஒரு இடம் ஒதுக்கிவிடுவார்கள், என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய விஷயம். விருந்தாளி உபசாரமெல்லாம் முதல் சில நாட்களோடு முடிந்தது. அப்புறம் காலையில் குப்பைப் பையைத் தெருமுனையில் கொண்டுபோய் வைப்பது என் வேலை: எரியும் குப்பைக்கு ஒரு கிழமை, பிளாஸ்டிக்குக்கு வேறு கிழமை, பாட்டிலுக்கு இன்னொன்று, எல்லாம் சமையலறைச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் இருக்கும். சாப்பிட்ட தட்டை நானே கழுவுவேன், துணி மடிப்பதில் பாட்டிக்குக் கைகொடுப்பேன்.

குளியல் ராத்திரியில்தான். தொட்டிக்கு வெளியே சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் குளித்துவிட்டு, அப்புறம்தான் சுடுநீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் அதே தண்ணீர். ஒருவர் வெளியே வந்ததும் சூடு போகாமல் மூடி வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். மிஞ்சிய தண்ணீரைக் குழாய் வைத்து வாஷிங் மெஷினுக்கு இழுத்து ஒகாசான் துணி துவைப்பார். நம்மில் பலருக்கு முதலில் தயக்கமாக இருக்கும், தெரியும். குளிர்காலம் வந்ததும் அந்தத் தயக்கம் இருந்த இடம் தெரியாது.

சாப்பாடு பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். ஜப்பானில் கறியையும் மீனையும் ஒதுக்கினால் போதாது. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய் எல்லாவற்றுக்கும் அடிப்படை தாஷி என்ற சாறு, அது பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீன் சீவலில் எடுப்பது. நம்ம மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் சூரை வகை மீன்தான். ஒகாசான் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கவில்லை. கொம்பு என்ற கடல்பாசியையும் காய்ந்த ஷிடாகே காளானையும் முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்டு வைப்பார், மறுநாள் அதில்தான் சூப். கொஞ்ச நாளில் வீட்டில் எல்லாருக்குமே அதே சூப் என்று ஆனது. தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று என்னைப் பிரித்து வைக்காமல் குடும்பத்தின் சமையலையே அவர் மாற்றினார் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

குளிர்காலத்துக்குத் தயாராகப் போங்கள். வீடு முழுக்கச் சூடு இருக்காது, ஆள் இருக்கிற அறையில் மட்டும் மண்ணெண்ணெய் ஹீட்டர். அறைக்கு அறை போகிற நடைவழியில் கால் விறைக்கும். அதனால் எல்லாரும் கொட்டாட்சு என்கிற, அடியில் ஹீட்டரும் மேலே மெத்தைப் போர்வையும் வைத்த தாழ்வான மேசைக்குள் காலை நுழைத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்றபடி டிவி பார்ப்போம், என் ஜப்பானிய மொழி வளர்ந்தது வகுப்பில் இல்லை, அங்கேதான். அந்தப் பக்கத்துப் பனி ஈரமானது, கனமானது, காலையில் அப்பாவும் தம்பியும் நானும் வாசலில் வாரித் தள்ளுவோம். மழையும் அதிகம், 'சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே' என்று அந்த ஊரில் பழமொழியே உண்டு. டிசம்பரில் இடி இடித்தால் புரி என்ற மீன் வரும் காலம் வந்துவிட்டது என்பார் பாட்டி.

வெளியே போவது பருவத்தை ஒட்டித்தான். நவம்பர் 1-ஆம் தேதி கனசாவாவின் கென்ரொகுஎன் தோட்டத்தில், பனியின் பாரத்தில் பைன் கிளைகள் முறியாமலிருக்க உயரமான கம்பத்திலிருந்து கயிறு இறக்கிக் கிளை கிளையாகக் கட்டத் தொடங்குவார்கள். அதைப் பார்க்க வாரக்கடைசியில் பாட்டியோடு போனேன். சனி ஞாயிறுகளில் இஷிகாவாவில் வசிப்பவர்களுக்கு அங்கே அனுமதி இலவசம், முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். என் குடியிருப்பு அட்டையின் பின்பக்கம் அந்த வீட்டு முகவரிதான் இருந்தது, காட்டினேன், உள்ளே விட்டார்கள். பாட்டிக்கு என்னைவிடச் சந்தோஷம்.

காரில் தூரமாகப் போவது என்றால் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவோம், சோற்று உருண்டை கட்டி எடுத்துக்கொண்டு, வழியில் மிச்சி-நோ-எக்கி என்ற சாலையோர நிலையங்களில் நிறுத்தி அந்தந்த ஊர் விவசாயிகளின் காய்கறி வாங்கிக்கொண்டு. நோட்டோ தீபகற்பம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம். சிரிஹாமா கடற்கரையில் சுமார் 8 கிலோமீட்டருக்கு மணலிலேயே கார் ஓட்டலாம், மணல் அவ்வளவு நுண்ணியது, ஈரத்தில் இறுகிக் கிடக்கும். அதைத் தாண்டி வடக்கே வாஜிமா காலைச் சந்தை. வயதான பெண்கள் தரையில் விரித்து ஊறுகாயும் மீனும் விற்றுக்கொண்டிருந்தார்கள், பக்கத்திலேயே அரக்குப் பூசிய மரப் பாத்திரக் கடைகள். எனக்குச் சாப்பிட ஒரு ஜோடி அரக்குப் பூசிய குச்சி வாங்கித் தந்தார் அப்பா.

2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் அந்தச் சந்தைத் தெரு தீப்பிடித்து எரிந்துபோனது. நான் சென்னையிலிருந்து அழைத்தபோது முதலில் யாரும் எடுக்கவில்லை, பயந்துவிட்டேன். ராத்திரி ஒகாசானிடமிருந்து செய்தி வந்தது, எல்லாரும் நலம், அலமாரிப் பாத்திரங்கள்தான் உடைந்தன என்று. சில மாதங்களில் வாஜிமா வியாபாரிகள் கனசாவாவிலேயே சந்தை போட்டார்கள், ஒகாசான் வீட்டார் தேடிப்போய் வாங்கினார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனால் அந்த வியாபாரிகளிடம் வாங்குங்கள், இது என் வேண்டுகோள்.

அப்புறம் செலவு. வீட்டுச் சாப்பாட்டையும் காரில் சேர்ந்து போவதையும் எங்கள் வீட்டில் அவர்களே பார்த்துக்கொண்டார்கள், பஸ் பாஸ், நண்பர்களோடு சுற்றுவது எல்லாம் என் பணம். இது திட்டத்துக்குத் திட்டம் மாறும், கிளம்பும் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். சைவம் என்றால் மீன் சாறு கூட வேண்டாம் என்பது வரை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். விருப்ப ஊர் கேட்டால் டோக்கியோவைப் போடாமல் கனசாவா மாதிரி நடுத்தர ஊரைப் போடுங்கள், பாட்டியோடு சேர்ந்து வாழும் வீடு கிடைக்க அங்கேதான் வாய்ப்பு அதிகம்.