பரிவுக்குத் தனிப் பாடம் வைக்கலாமா?

கேள்வி: மூன்று தலைமுறைக்கு வைத்தியம் பார்த்த எங்கள் ஊர்க் கைராசி டாக்டர் காலமான பிறகு, தலைவலி என்றாலும் கோவைக்கே ஓடுகிறோம். அங்கோ முகம் பார்த்துப் பேச ஆளில்லை. மருத்துவக் கல்லூரியில் பரிவையும் ஒரு பாடமாக வைத்தால் என்ன?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வைத்தாயிற்று, அம்மணி. மருத்துவ அறத்துக்கும் நோயாளியிடம் பேசும் முறைக்கும் எம்.பி.பி.எஸ். படிப்பில் 2019 முதலே தனிப் பகுதி உண்டு. ஆனால், இரவுப் பணி முடித்துக் கண் எரிய மறுநாளும் புறநோயாளிப் பிரிவில் உட்காரும் இளம் மருத்துவர், அந்தப் பாடத்தையா நினைத்துக்கொள்வார்? தலைமை மருத்துவர் நோயாளியை எப்படி நடத்துகிறாரோ, அதுவே அவருக்குப் படியும்.

குடும்ப மருத்துவத்துக்கென்றே மூன்றாண்டு டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் பட்டம்) மேற்படிப்பு நம் நாட்டில் இருக்கிறது. பொது மருத்துவம், குழந்தை நலம், மகப்பேறு, அறுவை சிகிச்சை என்று துறை துறையாகச் சுற்றிவருவது அதில் அவசியந்தான். ஆயினும் துறை மாறும்போதெல்லாம் நோயாளிகளும் மாறிவிட்டால், ஒருவரை நோய் தீர்ந்த பிறகும் அறிந்திருக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? குடும்ப மருத்துவத்தை 1969-இல் தனித்துறையாக ஏற்ற அமெரிக்காவில், பயிற்சி மருத்துவர் எந்த வார்டில் இருந்தாலும், மூன்றாண்டும் தமக்கென ஒப்படைக்கப்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தாக வேண்டும். இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்.

திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் இருமலோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை மட்டும் பார்ப்பவர் இருமல் மருந்து எழுதி அனுப்பிவிடுவார். மீண்டும் மீண்டும் பார்ப்பவரோ, மில்லில் எந்தப் பிரிவு, பஞ்சைப் பிரித்துத் தூசி நீக்கும் ப்ளோ ரூமா, இழையைச் சீவும் கார்டிங்கா, வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு அதிகம் இறுகுகிறதா என்று கேட்டுப் பஞ்சுத்தூசி நோயைக் கண்டுபிடிப்பார். பிரிவு மாற்றிக் கேட்க அவர் ஏன் தயங்குகிறார், வீட்டில் கடன் எவ்வளவு என்பதும் அப்போதுதான் தெரியவரும். பரிவும் நோயறியும் திறனும் அங்கே ஒன்றாகவே வளர்கின்றன. (சிரித்த முகத்தோடு தவறான மருந்து எழுதுபவரைப் பரிவுள்ளவர் என்று நான் சொல்ல மாட்டேன்.)

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பயிற்சி மருத்துவர் அழைத்தால், "பெரிய டாக்டர் இல்லீங்களா?" என்று எழுந்துவிடுகிறோமே, அவர் யாருடைய குடும்பத்தைப் பார்த்துப் பழகுவார்? நாமக்கல்லிலும் திருப்பூரிலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. குடும்ப மருத்துவ மேற்படிப்புக்கு நம் மாவட்டங்களில் எத்தனை இடங்கள் தருவார்கள் என்று, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்.