ஆறு வருடமாகப் பேச்சில்லை, இப்போது கொழுந்தனார் ஆஸ்பத்திரியில். உதவலாமா?

கடலூர் செம்மண்டலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஆறு வருடத்துக்கு முன் மாமனார் காலமானார். மாமியார் அதற்கு முன்பே போய்விட்டார். உயில் எதுவும் இல்லை. நெல்லிக்குப்பம் வீட்டில் கொழுந்தனார் குடும்பம்தான் இருந்தது. கருமாதி அன்று பந்தலிலேயே, 'அப்பாவைக் கடைசிவரை வச்சுப் பார்த்தது நான், வீடு எனக்குத்தான்' என்று அவர் சொல்ல, பேச்சு முற்றி, அதோடு போக்குவரத்து நின்றது. நாத்தனார் மட்டும் இரண்டு பக்கமும் பேசுவார். போன வாரம் கொழுந்தனாருக்குப் பக்கவாதம். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள் வைத்திருந்துவிட்டு ஜிப்மருக்கு மாற்றியிருக்கிறார்கள். ஓரகத்தி பள்ளிக்கே போன் செய்து, 'அக்கா, மூணு லட்சம் வேணும், இல்லைன்னா சொசைட்டி கடனுக்கு ஜாமீன் கையெழுத்தாவது போடுங்க' என்று அழுகிறாள். கணவரிடம் சொன்னேன். 'வீட்டை எழுதிக் கொடுக்கச் சொல்லு, அப்புறம் பார்க்கலாம்' என்கிறார். அம்மா போட்ட எட்டுப் பவுன் என்னிடம் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் அடகு வைத்துக் கொடுத்துவிடலாமா?"

உதவுங்கள் அம்மா. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று வழிகளில் எதுவும் வேண்டாம். உங்கள் கணவர் சொல்லும் வழிதான் மூன்றிலும் மோசம், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படுக்கையில் இருப்பவரிடம் வீட்டை எழுதி வாங்குவது ஊர் என்ன பேசும் என்பதோடு முடிகிற விஷயம் இல்லை. சட்டத்திலேயே அது நிற்காது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இதைப் பெயர் சொல்லியே பேசுகிறது. வயது, நோய், மன அல்லது உடல் வேதனை இவற்றால் யோசிக்கும் திறன் பாதிக்கப்பட்டவரிடம் ஒருவர் ஒப்பந்தம் போட்டால், அவரை ஆட்டிவைக்கும் நிலையில் இவர் இருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் அடைந்தார் என்று ஆகிவிட்டால், பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். பக்கவாதம் வந்து சில நாளே ஆன ஒருவர், வாய் குழறுகிறது, வலது கை தூக்க முடியவில்லை, இடது கை பெருவிரல் ரேகை. ஆஸ்பத்திரி ரிக்கார்டில் தேதி இருக்கும், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்திலும் தேதி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட அவர் பிள்ளைகளுக்குப் பெரிய வக்கீல்கூடத் தேவைப்படாது.

அந்தப் பத்திரத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அண்ணன் வீடு என்கிறார், தம்பி வீடு என்கிறார். நாத்தனார் இரண்டு பக்கமும் பேசுவார் என்று எழுதிய நீங்களும் அவருக்கு அதில் பங்கு இருப்பதை எழுதவில்லை. மாமனார் உயில் எழுதாமல் இறந்தார், மாமியாரும் இல்லை. நீங்கள் இந்து வாரிசுச் சட்டத்தின் கீழ் வருபவர்கள் என்றால், அவருடைய சொத்து மூன்று பிள்ளைகளுக்கும் சமம். மகள் கல்யாணமாகிப் போனது அதை மாற்றாது. ஆக, அண்ணனும் தம்பியும் மட்டும் கையெழுத்துப் போட்டு முழு வீட்டையும் ஒருவர் பேருக்கு மாற்றிக்கொள்ளவே முடியாது. நம் வீடுகளில் இது ஏனோ எப்போதும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

உங்கள் கணவருக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கலாம். இப்போது விட்டுக்கொடுத்தால் வீடு போய்விடும் என்று. போகாது. பொதுச் சொத்தில் பங்காளி ஒருவர் குடியிருந்தால், எல்லாப் பங்காளிகள் சார்பிலும் அவர் இருப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். வெறுமனே குடியிருந்ததால் மற்றவர் பங்கு கரைந்துவிடாது. தம்பி எழுந்து உட்காரட்டும், நான்கைந்து மாதம் போகட்டும். பிறகு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வழக்குப் போடாமலே மூவரையும் உட்காரவைத்துப் பேசலாம். பெண் மனு கொடுத்தால் வருமானம் எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நாத்தனாரே கொடுக்கலாம். இதைக் கணவரிடம் விளக்கிச் சொல்லுங்கள். வீடு பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிக் கோபம் இறங்கும்.

அடுத்தது ஜாமீன். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது, போடாதீர்கள். ஆசிரியை என்பதால்தான் உங்களைக் கேட்கிறார்கள். சம்பளச் சான்றிதழ் உள்ள கை அது. கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. முதலில் அவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் சொசைட்டிக்கு இல்லை. லோடு வண்டியோ கடையோ, சம்பாதித்தவர் படுத்துவிட்ட வீட்டில் தவணை நிற்கத்தான் செய்யும். அவர்கள் ஏமாற்றுவார்கள் என்று சொல்லவில்லை, வருமானம் இருக்காது என்கிறேன். உங்கள் சம்பளத்தில் பிடித்தம் தொடங்குகிற மாதம், ஆறு வருடச் சண்டையோடு புதிதாக ஒன்றும் சேரும்.

இப்போது அந்த எட்டுப் பவுன். அம்மா போட்ட நகை உங்களுக்கு மட்டுமே சொந்தம், அதைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. அடகு வைக்கக் கணவரின் சம்மதம் தேவையில்லை. ஆனாலும் ஒளித்துச் செய்ய வேண்டாம் என்கிறேன், அதற்குக் காரணம் நகையில் இல்லை. ஒளித்துக் கொடுத்த பணம் ஓரகத்திக்குத் தெரியும், அவள் பிள்ளைகளுக்குத் தெரியும், நாத்தனாருக்குத் தெரியும். உங்கள் கணவருக்கு மட்டும் தெரியாது. வட்டி கட்டச் சொல்லி போனுக்கு மெசேஜ் வரும். கெடு தாண்டினால் ஏல நோட்டீஸ் தபாலில் வீட்டுக்கே வரும், பிற்பகலில் நீங்கள் பள்ளியில் இருக்கும்போது அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்குவார். தம்பி ஏமாற்றினான் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர், அன்றைக்கு மனைவியும் தம்பி பக்கம் என்று சொல்லத் தொடங்குவார். உங்கள் நல்லெண்ணம் எவ்வளவு இருந்தாலும் அந்தப் பேச்சை அது அழிக்காது.

சரி, எப்படித்தான் உதவுவது?

முதலில் மூன்று லட்சம் என்பது எந்தக் கணக்கு என்று ஓரகத்தியிடம் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. ஜிப்மர் மத்திய அரசு மருத்துவமனை. அங்கே சிகிச்சைக்கென்று பெரிய தொகை ஆகாது. ஆகவே அந்த மூன்று லட்சத்தில் பெரும்பகுதி, தனியாரில் ஐந்து நாள் ஐசியூவுக்காக வட்டிக்கு வாங்கியதாக இருக்கலாம், வீட்டுத் தவணைகளாக இருக்கலாம், பிள்ளைகள் பீஸாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. தின வட்டி, மீட்டர் வட்டி என்று ஏதாவது இருந்தால் அதை முதலில் அடைப்பதுதான் புத்திசாலித்தனம். அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, மிரட்டினால் போலீசுக்குப் போகலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அவர்களிடம் இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும் திட்டம் அது. ரேஷன் கார்டும் விஏஓ தரும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் வீட்டில் ஆள் விழுந்த பிறகுதான் அட்டை இல்லாதது தெரியும். ஆனால் அது ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான திட்டம். கையிலிருந்து கட்டிய பழைய பில்லைக் காட்டிப் பணம் வாங்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். புதுச்சேரி தனி நிர்வாகம் என்பதால், நம் அட்டை எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேட்டுக்கொள்வதுதான் சரி. விஏஓ ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைவதற்கு ஓரகத்தியால் முடியாது, அவள் ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். செம்மண்டலத்தில் இருக்கும் உங்களால் முடியும். மூன்று லட்சத்தைவிட இந்த அலைச்சல் பெரிய உதவி.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத செலவுகள் ஆஸ்பத்திரி வாசலில்தான் இருக்கின்றன. கூட இருப்பவரின் மூன்று வேளைச் சாப்பாடு, இரவு தங்க இடம், வெளியே எழுதித் தரும் மருந்து, பெரியவர்களுக்கான டயப்பர், புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, நெல்லிக்குப்பத்துக்கும் புதுச்சேரிக்கும் பஸ். இதையெல்லாம் ஒருவர் எடுத்துக்கொண்டால் அந்தப் பெண் மூச்சு விடுவாள். பக்கவாதத்தில் முதல் சில மாதப் பயிற்சிதான் கை கால் எவ்வளவு திரும்பும் என்பதைப் பெருமளவு முடிவு செய்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் இயன்முறைப் பயிற்சி வீட்டிலேயே கிடைக்க வழியுண்டு. 2021-ல் தொடங்கிய திட்டம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். இதை யாராவது நினைவு வைத்துச் செய்தால்தான் நடக்கும்.

பணம் கொடுப்பதானால் கடனாகக் கொடுக்காதீர்கள். திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத தொகை எதுவோ, அதை மட்டும், கொடையாக. ஐம்பதாயிரமோ எழுபத்தைந்தாயிரமோ, அது நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டியது. வங்கி வழியாகவே அனுப்புங்கள். முடிந்தால் மருந்துக் கடைக்கோ கல்லூரிக்கோ நேராகக் கட்டிவிடுங்கள். அண்ணனோ அண்ணியோ கொடுக்கும் பணத்துக்கு வாங்குபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அந்தப் பயம் வேண்டாம்.

இனி கணவர். தம்பி மேல் அவருக்கு உள்ள கோபம் நியாயமா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். "என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவர் இல்லையா" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், அதை அவர் ஆறு வருடமாக எல்லோரிடமும் கேட்டிருப்பார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகள் இல்லாதபோது, இந்த மாதிரிச் சொல்லிப் பாருங்கள்: "நீங்க அவரோட பேச வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். வீட்டு விஷயத்துல உங்க பக்கம்தான் நான் நிக்கிறேன், அது தனியா பேசலாம். இப்போ என் சம்பளத்துல இவ்வளவு கொடுக்கிறேன், இதுக்கு மேல கொடுக்க மாட்டேன், ஜாமீன் போட மாட்டேன். உங்களுக்குத் தெரியாம எதுவும் செய்யல."

உதவி செய்தால் சேர்ந்துகொண்டதாக ஆகிவிடும் என்பதுதான் இப்படிப்பட்ட ஆண்களின் பெரிய பயம். அந்த இரண்டையும் நீங்கள் பிரித்துக் காட்டினால் அவர் இறங்கிவர வாய்ப்பிருக்கிறது. உண்மையிலும் அவை இரண்டும் வேறுதான். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த நாட்களில், பேசாத பங்காளிகள் ஒரே மாடி வீட்டில் ஒதுங்கியதை இந்தப் பக்கத்தில் பலர் பார்த்திருப்பார்கள். சாய்ந்த முந்திரி மரத்தைச் சேர்ந்தே வெட்டி அப்புறப்படுத்தினார்கள். கூரை போட்டு முடிந்ததும் வரப்பு வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த வீடுகளும் உண்டு. அதற்காக ஒதுங்க இடம் கொடுத்தது வீண் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே கொழுந்தனார் எழுந்து வந்து நன்றி சொல்வார், வீட்டில் பங்கு தருவார் என்று கணக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு கணக்கு மனதில் இருந்தால் கொடுக்காமல் இருப்பதே மேல்.

ஒரு விதிவிலக்கு. போக்குவரத்து நின்றதற்குக் காரணம் வீடு இல்லாமல், அடிதடியோ, உங்களிடமோ பிள்ளைகளிடமோ தவறாக நடந்துகொண்டதோ என்றால், மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். அப்போது காப்பீட்டு மைய விவரத்தை நாத்தனார் மூலம் சொல்லி அனுப்புவது போதும்.

எல்லாம் சொன்ன பிறகும் கணவர் "கூடாது" என்றால்? பொதுச் சேமிப்பைத் தொடாதீர்கள். உங்கள் சம்பளத்தில் ஒரு தொகையைச் சொல்லி, சொன்னதையே கொடுங்கள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார், அது தாங்கக்கூடியது. கை ஓங்குகிற அளவுக்குப் போகும் வீடு என்றால் பிரச்சினை கொழுந்தனார் இல்லை, பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள். ஓரகத்திக்குப் பள்ளி நேரத்தில் வேண்டாம், ராத்திரி எட்டு மணிக்கு நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு முன் இன்றைக்கே நாத்தனாருக்குப் போன் போட்டு, அவரால் எவ்வளவு முடியும், எந்தெந்த நாள் ஆஸ்பத்திரியில் உட்கார முடியும் என்று கேட்டுவிடுங்கள். அண்ணனிடம் பேச வேண்டிய பாதியை அவரே பேசிவிடுவார்.