கேட்டதும் சொன்னதும்: எந்த பேட்ஜர் பிரஷ் கன்னத்துக்கு இதம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முடிதிருத்தும் கடை நடத்துபவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: லண்டனில் வேலை செய்யும் என் மகன் பேட்ஜர் என்ற பிராணியின் முடியில் செய்த, ‘பியூர் பேட்ஜர்’ என்று போட்ட சவர பிரஷ் ஒன்று வாங்கி வந்தான். கன்னத்தில் வைத்தால் முள்ளாகக் குத்துகிறது. ‘பெஸ்ட்’, ‘சில்வர்டிப்’ எல்லாம் இதைவிட உயர்ந்தவை, விலையும் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்கிறான். அந்த வித்தியாசம் கன்னத்துக்குத் தெரியுமா? (தைப்பிங் வாசகர்)

பதில்: நன்றாகவே தெரியும் ஐயா. ஆனால் பெட்டியில் உள்ள பெயரை நம்பி வாங்காதீர்கள். நகைக்கு 916 முத்திரை இருப்பதுபோல பிரஷ்ஷுக்குப் பொதுவான முத்திரை எதுவும் கிடையாது. பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் எல்லாம் அந்தந்தக் கம்பெனி தானே வைத்துக்கொள்ளும் பெயர்கள். ஒருவருடைய ‘பெஸ்ட்’ இன்னொருவருடைய ‘சூப்ப’ரைவிட மென்மையாக இருப்பதும் உண்டு.

பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும் பிராணி. முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை இருக்கும். அதன் முடி நுனியில் வெள்ளை, நடுவில் கறுப்பு, அடியில் வெளிர் நிறம். நுனி ஊசிபோல் மெலிந்துகொண்டே போகும். நல்ல பிரஷ்ஷில் அந்த நுனிகளே மேலே குவிந்து வரும்படி கையால் அடுக்கிக் கட்டுவார்கள். மலிவானதில் கட்டி முடித்த பிறகு கத்தரியால் வெட்டி உருவம் கொடுத்துவிடுவார்கள். வெட்டுப்பட்ட முடி மொட்டையாக நிற்கும். புதிதாக முடிவெட்டிய பையனின் பிடரியைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பாருங்கள், உங்கள் கன்னத்தில் குத்துவது அதேதான்.

சென்ற தீபாவளிக்கு முன்னால் என் வாடிக்கையாளர் ஒருவர் பியூர், பெஸ்ட், சில்வர்டிப் என்ற மூன்று தரத்திலும் ஒவ்வொன்று கொண்டுவந்து, “அண்ணே, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்” என்று கொடுத்தார். ஒரே சோப்பு, ஒரே கிண்ணம், ஒவ்வொன்றுக்கும் மூன்று காலை என்று என் முகத்திலேயே பார்த்தேன்.

பியூர் காய்ந்திருக்கும்போது தென்னந்துடைப்பம் மாதிரி. நனைந்ததும் கொஞ்சம் அடங்கியது, ஆனாலும் கன்ன எலும்புக்கு மேல் சுழற்றும்போது உறுத்தல் விடவில்லை. அதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. கட்டிச் சோப்பை அதுதான் சீக்கிரம் கரைத்தது, தாடையில் இரண்டு நாள் தாடியை நிமிர்த்தி நிறுத்தியதும் அதுதான்.

சில்வர்டிப் நேர் எதிர். வெதுவெதுப்பான தண்ணீரில் தோய்த்து எடுத்தால் ஈரப் பஞ்சு. அழுத்தினால் நுனி விரிந்து கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். முடி இருப்பதே தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். தண்ணீரை அவ்வளவு பிடித்துவைப்பதால், முதல் நாள் சரியாக உதறாமல் எடுத்து, முழங்கை வரை வழிந்தது. நுரையை வெகுநேரம் உள்ளேயே வைத்துக்கொள்ளும். சோப்பும் கூடுதலாகத் தின்னும். என் தாடி முரடு, அதற்கு இந்த மென்மை போதவில்லை. மெல்லிய தோல் உள்ளவருக்கும், பரு வந்த முகத்துக்கும் இதைவிட நல்லது வேறில்லை.

பெஸ்ட்தான் எனக்குப் பிடித்தது. நுனி குத்தவில்லை, ஆனால் அழுத்தி எடுத்தால் நாணல் மாதிரி சட்டென்று நிமிர்கிறது. தொழில் செய்கிறவன் கைக்கு அந்த எதிர்ப்பு வேண்டும். நுரை எங்கே போகிறது என்பது விரலுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

இன்னொன்று, தரத்தை மட்டும் பார்த்தால் போதாது. முடிக்கட்டின் குறுக்களவையும் பிடிக்கு மேல் முடி நிற்கும் உயரத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒரே முடியானாலும் உயரம் 5 மில்லிமீட்டர் குறைந்தால் விறைப்பு கூடிவிடும். முகத்திலேயே நுரை எழுப்புகிறவருக்கு 22 மில்லிமீட்டர் கட்டு, 50 மில்லிமீட்டர் உயரம் தோதாக இருக்கும். 26-க்குப் போனால் மூக்குக்குக் கீழே திணறும்.

இப்போது உங்களிடம் இருப்பதைத் தூக்கிப்போட வேண்டாம். கிண்ணத்தில் நுரை அடித்துக்கொண்டு, முகத்தில் சுழற்றாமல், சுவருக்குச் சாயம் பூசுவதுபோல் மேலும் கீழுமாக இழுங்கள். குத்தல் பாதியாகக் குறையும்.

கேள்வி: தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் பழைய சவர பிரஷ் கிடைத்தது. முடி இன்னும் உறுதியாக இருக்கிறது. நான் பயன்படுத்தலாமா? (பாகான் செராய் வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. காரணம் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்களுக்கு சவர பிரஷ் மூலமாகவே ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய கிருமி நோய் தொற்றியது. சரியாகச் சுத்திகரிக்காத குதிரை முடியில் செய்த பிரஷ்கள் அவை. பேட்ஜர் முடி தட்டுப்பாடானதால், குதிரை முடிக்குச் சாயம் ஏற்றி அதுபோலவே ஆக்கி விற்றதும் நடந்தது. அந்தக் கிருமியின் வித்துகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கக்கூடியவை. உங்கள் தாத்தாவின் பிரஷ் எந்த முடி, எந்த ஆண்டு என்று யாருக்குத் தெரியும்?

என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. அப்பா தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பலாமரத்தடியில் நாற்காலி போட்டு முடி வெட்டியவர். மாதம் இரண்டு முறை பங்களாவுக்குப் போய் துரைக்குச் சவரம். துரை தன் சொந்த பிரஷ்ஷைத்தான் எடுத்துக் கொடுப்பார். ஊருக்குத் திரும்பும்போது அதை அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். பிடி மஞ்சளேறி, கட்டைவிரல் படும் இடம் மட்டும் தேய்ந்து குழிந்திருக்கிறது. அந்தக் குழியில் என் விரல் சரியாக உட்காரும். துரையின் விரலும் அப்பாவின் விரலும் சேர்ந்து தேய்த்த குழி அது. கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன், முகத்தில் வைத்ததில்லை. உங்களுக்குப் பிடியின் மேல் ஆசை என்றால், பழைய முடியைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லி, புது முடிக்கட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: என் மலாய் நண்பருக்கு நல்ல சவர பிரஷ் பரிசளிக்க ஆசை. எதைத் தவிர்க்க வேண்டும்? (கூலிம் வாசகர்)

பதில்: கேட்டது நல்லதாகப் போயிற்று. கடைகளில் கிடைக்கும் முரட்டு பிரஷ்களில் நிறைய, பன்றி முடி. முஸ்லிம்களுக்கு அது ஆகாது. நம் நாட்டில் பன்றி, நாய் ஆகியவற்றின் பாகங்களில் செய்த பொருளுக்கு அதைக் குறிப்பிட்டுத்தான் விற்க வேண்டும் என்று 2013-லேயே உத்தரவு வந்துவிட்டது. 2017-இல் சாயம் அடிக்கும் பிரஷ்களைக்கூட அதிகாரிகள் கடை கடையாகப் பறிமுதல் செய்தார்கள். ஆனால் இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அந்தக் குறிப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது.

பேட்ஜரும் வேண்டாம், செயற்கை இழையில் வாங்கிக் கொடுங்கள். ஜெர்மனியின் மியூலே மாதிரி பேட்ஜர் பிரஷ் செய்து பெயர் வாங்கிய கம்பெனிகளே இப்போது அருமையான செயற்கை இழை பிரஷ் செய்கின்றன. நுனி சில்வர்டிப்புக்கு மிக அருகில் வருகிறது. தண்ணீரை அந்த அளவு பிடிக்காது, ஆனால் சீக்கிரம் காயும்.

எனக்கும் இப்போது மனம் அந்தப் பக்கம்தான் போகிறது. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பேட்ஜரைப் பாதுகாக்கிறது. பிரஷ்ஷுக்கான முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. அங்கே அந்தப் பிராணிகளைக் கூண்டில் வைத்திருக்கும் விதத்தைக் காட்டும் படங்கள் 2018-இல் வெளிவந்தன. பார்த்த பிறகு நான் புதிதாக பேட்ஜர் பிரஷ் வாங்கவில்லை. இருப்பதைப் பத்திரமாக வைத்துப் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: ஆறு மாதத்திலேயே என் பேட்ஜர் பிரஷ்ஷில் வாடை, முடியும் கொட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? (பீடோர் வாசகர்)

பதில்: முதல் சில வாரம் நான்கைந்து முடி உதிர்வது வழக்கம்தான். ஆறு மாதம் கழித்துக் கொத்தாக வந்தால் இரண்டில் ஒன்று: கொதிக்கும் தண்ணீரில் போட்டிருப்பீர்கள், ஒட்டுப்பசை இளகியிருக்கும், அல்லது ஈரத்தோடு மூடி வைத்திருப்பீர்கள். நானே ஒரு மழைக்காலத்தில் ஊருக்குப் போகும் அவசரத்தில் ஈர பிரஷ்ஷைப் பிளாஸ்டிக் குழாயில் அடைத்துப் பெட்டியில் போட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் அடிமுடியில் சாம்பல் பூஞ்சை. எவ்வளவு கழுவியும் போகவில்லை.

சவரம் முடிந்ததும் நுரை போகும்வரை அலசுங்கள், உதறுங்கள், துண்டில் இரண்டு தடவை இழுங்கள். குளியலறைக்குள் வைக்காதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் அங்கே எதுவும் காயாது. வீட்டில் காற்றோட்டமான சன்னலோரம் வையுங்கள், நேர் வெயில் வேண்டாம். வாடைக்கு, ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கரண்டி வெள்ளை வினிகர் விட்டு, ஐந்து நிமிடம் முடியை மட்டும் ஊறவைத்து அலசிப் பாருங்கள். படிந்த சோப்புக் கறையும் அதோடு போகும்.