ஒன்பது மணிக்குப் போய்ச் சேராதீர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். வரும் நவம்பரில் எங்களுடைய 25ஆவது திருமண நாள். நானும் மனைவியும் ஜப்பான் போகிறோம். டோக்கியோ, கியோத்தோ, ஹிரோஷிமா முடித்துவிட்டுக் கியூஷூ தீவில் குரோகாவா என்ற வெந்நீர் ஊற்று ஊர்ப் பக்கம் மலைக்குள் தனியாக இருக்கும் ஒரு ரியோகானில் (ஜப்பானிய மரபு விடுதி) ஓர் இரவு தங்கச் சொல்கிறார் நண்பர். விலையைப் பார்த்தால் இருவருக்கும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அறையில் டிவிகூட இல்லையாம். பகலில் குமமோத்தோ கோட்டையும் அசோ எரிமலையும் பார்த்துவிட்டு, வாடகைக் காரில் இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்து, காலை ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்று திட்டம். ஒரு ராத்திரி தூங்குவதற்கு இவ்வளவு கொடுக்கலாமா? உடுப்பில்லாமல் பொதுக்குளத்தில் குளிக்க வேண்டும் என்கிறார்களே? மனைவி சுத்த சைவம், சமாளிக்க முடியுமா? நீங்கள் அங்கே தங்கியவர் என்பதால் கேட்கிறேன்.

ச., ஈரோடு

அன்புள்ள தம்பி,

25 ஆண்டு நிறைவுக்கு வாழ்த்துகள். உங்கள் மனைவிக்குத் தனியாக ஒரு வாழ்த்து.

சாப்பாட்டு வேளையில் ஒரு வீட்டில் யார் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். பொதுக்குளத்தில் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. உடுப்பில்லாமல்தான் இறங்க வேண்டும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கூச்சமாக இருந்தால் அறையோடு சேர்ந்த குளம் உள்ள அறையாகக் கேளுங்கள், அல்லது நேரம் குறித்துக் கொடுக்கும் தனிக்குளம் இருக்கிறதா என்று கேளுங்கள். கணவனும் மனைவியும் மட்டும் சேர்ந்து குளிக்க அதுதான் வழி. அங்கே உடுத்தத் தரும் யுகாதா என்ற மெல்லிய அங்கியில் இடதுபக்கம் மேலே வர வேண்டும். வலதுபக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. டிவி இல்லாததை ஒரு குறை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

சைவம் பற்றிக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். காய்கறி மட்டும் மிதக்கும் தெளிந்த சூப்பிலும் உலர்ந்த மீன் சீவலின் சாறு இருக்கும். அவர்கள் சமையலுக்கு அதுதான் அடித்தளம். குமமோத்தோ பக்கம் குதிரை இறைச்சியைப் பச்சையாகவே தட்டில் வைப்பார்கள். அறையைப் பதிவுசெய்யும்போதே மீன்சாறும் கூடாது என்று தெளிவாக எழுதிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் முடியாது என்று நேர்மையாகச் சொல்லிவிடுவார்கள். வேறு விடுதி பாருங்கள். அன்று மாலை போய் நின்றுகொண்டு சொன்னால் சமையல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி அந்த ஒன்பது மணி. தம்பி, எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

நீங்கள் ஒரு லட்சம் கொடுப்பது படுக்கைக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ரியோகானின் விலை ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஓர் இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு, எல்லாம் அதில் அடக்கம். மதியம் மூன்று மணிக்கு உங்களுக்காகக் கதவு திறக்கும். ஆறு, ஆறரைக்கு இரவு உணவு தொடங்கும். ஏழு மணிக்குமேல் வந்தால் பல இடங்களில் சாப்பாடே கிடையாது. ஒன்பதுக்குப் போய் ஆறுக்குக் கிளம்பினால் இரண்டு வேளையும் போயிற்று, குளமும் போயிற்று. நவம்பரில் அங்கே ஐந்தேகால் வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். பழக்கமில்லாத மலைப்பாதையில் இருட்டில் மனைவியை உட்காரவைத்துக் கார் ஓட்டிக்கொண்டு போய், பாதி விலைக்கு நகரத்து ஹோட்டலில் கிடைக்கும் தூக்கத்தைத் தூங்கிவிட்டு வரப் போகிறீர்களா?

கோட்டையை விடுங்கள். எரிமலையையும் விடுங்கள். மூன்று மணிக்குப் போய்விடுங்கள்.

குரோகாவா எப்படி உருவானது என்று தெரிந்தால் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரியும். முன்பெல்லாம் வெந்நீர் ஊற்று ஊர்களுக்கு விவசாயிகள் அறுவடை முடிந்து போய், வாரக்கணக்கில் தங்கி, தாங்களே பொங்கித் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பினார்கள். போருக்குப் பிந்தைய வளர்ச்சிக் காலத்தில் கம்பெனிகளிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்தார்கள், பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்காகப் பெரிய பெரிய கட்டடங்கள், விருந்துக்கூடங்கள், குடி, கும்மாளம். 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரம் விழுந்ததும் அந்தக் கூட்டம் வற்றிவிட்டது. தோச்சிகி மாகாணத்துக் கினுகாவாவில் அந்தக் காலத்து ஹோட்டல்கள் ஆற்றங்கரையில் பாழடைந்து நிற்கின்றன.

குரோகாவாவுக்கு அந்த அடி முன்பே விழுந்துவிட்டது. 1964இல் யமனாமி நெடுஞ்சாலை திறந்தபோது கொஞ்சகாலம் ஆட்கள் வந்தார்கள், பிறகு ஊர் வெறிச்சோடியது. அங்கே ஷின்மெய்கான் என்ற விடுதியை நடத்திய கோத்தோ தெத்சுயா, உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு விடுதிக்குப் பின்னால் இருந்த பாறையை ஆண்டுக்கணக்கில் குடைந்து ஒரு குகைக்குளம் செய்தார். வெட்டி அலங்கரித்த தோட்டம் வேண்டாம் என்று காட்டுமரங்களைக் கொண்டுவந்து நட்டார். மற்றவர்களும் பிறகு அவரிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள். எல்லாரும் திறந்தவெளிக் குளம் கட்டியபோது இரண்டு விடுதிகளுக்கு மட்டும் அதற்கு இடமில்லை. அவர்களும் பிழைக்க வேண்டுமே என்றுதான் 1986இல் மரத்தில் ஓர் அனுமதி வில்லை செய்தார்கள். அதை வாங்கியவர் ஊரில் எந்த விடுதியில் தங்கினாலும் மூன்று விடுதிகளின் குளங்களில் குளிக்கலாம். தனித்தனியாக நட்டிருந்த விளம்பரப் பலகைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். தெருவெல்லாம் தாழ்வாரம், ஒவ்வொரு விடுதியும் ஓர் அறை, மொத்த ஊரும் ஒரே விடுதி என்பது அவர்கள் எண்ணம். ஆண்களின் குடிக்கூட்டத்தை நம்பிய ஊர்கள் சரிந்துகொண்டிருந்தபோது, பெண்களும் இருவர் இருவராக வருபவர்களும் விரும்பும்படி தன்னை மாற்றிக்கொண்ட ஊர் இது.

அங்கே நானும் என் வீட்டுக்காரரும் போய் உட்கார்ந்த அந்தச் சாப்பாட்டைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். தாழ்ந்த மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு மெத்தைகள், எதிரெதிராக. பரிமாறும் பெண்மணியை நகாய்-சான் என்பார்கள். கதவுக்கு வெளியே மண்டியிட்டு அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒவ்வொன்றாக வரும். ஒரு கிண்ணம் முடிந்த பிறகே அடுத்தது. கைக்கடக்கமான மண் அடுப்பை ஆளுக்கொன்றாக வைத்து, கீழே இருக்கும் எரிபொருள் கட்டியை அவரே பற்றவைத்தார். சோறும், மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்த சூப்பும், ஊறுகாயும் கடைசியில்தான். வழக்கம்போல நான் கையை நீட்டி இவர் கிண்ணத்தை எடுத்து நிரப்பப் போனேன். அந்தப் பெண்மணி ஒன்றும் சொல்லாமல், சிரித்துக்கொண்டே, கிண்ணத்தைத் தன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். முதல் வட்டம் முடிந்ததும் தட்டுகளை அடுக்கப் போனேன். அதையும் வாங்கிக்கொண்டார். எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேன். இவரும் நான் சாப்பிடுவதைப் பார்த்தார். ஊறுகாயைத் தொடாமல் கடைசிவரை ஒதுக்கி வைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு அதை மட்டும் தனியாகச் சாப்பிடுவது என் சிறுவயதுப் பழக்கம். "நீ எப்பவும் இப்படித்தான் சாப்பிடுவியா?" என்று கேட்டார். எங்களுக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள் அப்போது. அத்தனை வருடமும் அவர் இலையில் எது தீர்ந்தது என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவர் எழுந்து போன பிறகு, அடுப்படியில், இருப்பதைப் போட்டுச் சாப்பிட்டவள். அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது சொல்லுங்கள், உங்கள் மனைவி கடைசியாக எப்போது உங்களுக்கு எதிரே உட்கார்ந்து, நடுவில் ஒருதரம்கூட எழாமல், முழுச் சாப்பாடு சாப்பிட்டார்? ஹோட்டலில் என்று சொல்லாதீர்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்திருப்பார். கடிதம் முழுக்கத் தேடினேன். விலை இருக்கிறது, கோட்டை இருக்கிறது, கார் இருக்கிறது. அவர்கள் சுத்த சைவம் என்ற ஒரு செய்தியைத் தவிர உங்கள் மனைவி அதில் இல்லை. என்ன பார்க்க ஆசைப்படுகிறார், எங்கே தங்க ஆசைப்படுகிறார், ஒரு வரி இல்லை. 25 வருடம் ஆகிவிட்டது தம்பி.

ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிட இன்னொரு பெண் மண்டியிட வேண்டியிருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதை யோசித்திருக்கிறேன். அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை, கற்றுத் தேர்ந்த வேலை. அவருக்குப் பெயரும் மரியாதையும் உண்டு. ஆனால் கடினமான வேலை. காலை உணவுக்கு விடியலில் வந்து, நடுப்பகலில் சில மணி நேரம் ஓய்வெடுத்து, மறுபடி இரவு படுக்கை விரித்துக் கொடுக்கும்வரை நிற்க வேண்டும். இதற்கு ஆள் கிடைக்காமல் பல விடுதிகள் அறையில் பரிமாறுவதையே நிறுத்திவிட்டுத் தனி உணவறைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் சாப்பாடு அறையிலா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஒன்பது மணித் திட்டம் அந்தப் பெண்மணியின் வேலைநாளையும்தான் நீட்டுகிறது என்பதை நினைவில் வையுங்கள். தனியாக இனாம் கொடுக்க வேண்டியதில்லை. நேரத்துக்குப் போனால் போதும்.

பணத்தைப் பற்றி ஒன்று. சனிக்கிழமையும் விடுமுறைக்கு முந்தின நாளும் விலை ஏறும். திருமண நாள் அன்றேதான் தங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் வாரநாளாகப் பாருங்கள். அப்படியும் கட்டுப்படியாகாது என்றால் ஹிரோஷிமாவில் ஒரு நாளைக் குறையுங்கள், குரோகாவாவைக் குறைக்காதீர்கள். இரவில் கார் ஓட்ட வேண்டாம். கியூஷூவின் பெரிய நகரமான ஃபுகுவோகாவிலிருந்து நேராகப் பேருந்து இருக்கிறது, முன்பதிவு செய்ய வேண்டும். காலைப் பேருந்தைப் பிடித்தால் மூன்று மணிக்குள் தாராளமாகப் போய்விடலாம்.

இதையெல்லாம் பதிவுசெய்வதற்கு முன்னால் இந்தப் பதிலை உங்கள் மனைவியிடம் படிக்கக் கொடுங்கள். அவர்களுக்கு வேறு எங்காவது போக ஆசை இருந்தால் அங்கேயே போங்கள்.

அன்புடன்,
அம்மா