கள்ளிச்செடி குதிக்குமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பையன் அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல வேலை பாக்குறான். லீவு நாள்ல பாலைவனப் பக்கம் நடக்கப் போனப்போ ஒரு கள்ளி குதிச்சு வந்து கெண்டைக்கால்ல ஒட்டிக்கிச்சாம், கையால புடுங்கப் போயி விரல்லயும் ஏறிடுச்சாம். செடி எங்கயாச்சும் குதிக்குமா? - வாசகி, திருச்சி

பதில்: குதிக்காதும்மா, ஆனா பையன் சொன்னதுல தப்பே இல்ல, அந்த ஊர்க்காரங்களே அதை ஜம்பிங் சோய்யான்னுதான் சொல்றாங்க. சோய்யாங்கிறது ஒரே செடி இல்ல, ஒரு கள்ளிக் கூட்டம். அரிசோனா, தெற்கு கலிஃபோர்னியா, வடக்கு மெக்சிகோ வரைக்கும் விரிஞ்சு கிடக்கிற சோனோரன் பாலைவனத்துல நிறைய பாக்கலாம். தண்டு சப்பையா இருக்காது, உருளை மாதிரி கணு கணுவா இருக்கும். குதிக்குதுன்னு பேர் வாங்கின வகையில அந்தக் கணு ரொம்ப லேசாத்தான் ஒட்டியிருக்கும், முள்ளு நுனி பேன்ட்ல பட்டாலே போதும் முழுக்கணுவும் கழண்டு கூடவே வந்துடும், உரசினதே நமக்குத் தெரியாது, அதான் குதிச்ச மாதிரி தோணுது.

முள்ளை மைக்ராஸ்கோப்புல பாத்தா நுனியில பொடிப்பொடியா செதில் இருக்கும், எல்லாம் பின்பக்கம் பாத்து. தூண்டில் முள்ளு மாதிரி, ஏறுறது சுலபம், வெளிய வர்றதுதான் பாடு. 2018ல இல்லினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியில ஒரே ஒரு சோய்யா முள்ளு கால் கிலோ கிட்ட இருக்கிற பன்றிக்கறித் துண்டையே தூக்கிடுச்சு! இனிமே கையால தொடவே வேண்டாம்னு சொல்லுங்க. பெரிய பல்லு வச்ச சீப்பை தோலுக்கும் கணுவுக்கும் நடுவுல விட்டு, பக்கத்துல யாரும் இல்லாத பக்கமா சட்டுனு ஒரே சுண்டுல தள்ளிவிடணும், மிச்ச முள்ளை இடுக்கியால எடுக்கலாம். மூட்டுக்கிட்ட ஆழமா ஏறியிருந்தாலோ கண்ணுல பட்டாலோ நேரா டாக்டர்கிட்ட போயிடணும்.

கேள்வி: டெடி பேர் சோய்யான்னு போட்டோ பாத்தேன், பஞ்சு பொம்மை மாதிரி அவ்வளவு அழகு. ஒரு கணு கொண்டாந்து மாடித்தோட்டத்துல வைக்கலாமா? - வாசகர், கோவை

பதில்: வேண்டாம் சார், ஆசைப்படவே வேண்டாம். பஞ்சு மாதிரி தெரியுறது பூராவும் முள்ளுதான், ஒவ்வொரு முள்ளுக்கும் பேப்பர் மாதிரி மெல்லிசா ஒரு உறை இருக்கும், வெயில் அதுல பட்டுத்தான் அப்படி ஜொலிக்குது. இதுல விதை பெரும்பாலும் முளைக்காது, விழுந்த கணுதான் வேர் விட்டுப் புதுச்செடி ஆகும், ஆட்டு மேலயோ மாட்டு மேலயோ ஒட்டிட்டுப் போயி எங்க விழுதோ அங்கயே முளைக்கும். கலிஃபோர்னியாவுல ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுல கண்ணுக்கெட்டின வரைக்கும் இதுவே நிக்குற இடம் ஒண்ணு இருக்கு, அங்க போயி பாக்குறதுதான் இதுக்கு மரியாதை. அரிசோனாவுல கள்ளிய அனுமதி இல்லாம தோண்டுறதே சட்டப்படி குத்தம். ஆஸ்திரேலியாவுல அழகுக்குன்னு வச்ச சோய்யா வகைங்க மேய்ச்சல் நிலத்துல பரவி ஆடு மாடு கங்காருன்னு எல்லாத்தையும் வதைக்குது. நம்ம சப்பாத்திக்கள்ளியும் வெளியூர்ல இருந்து வந்த இதோட சொந்தக்காரன்தானே, காடு கழனியெல்லாம் அடைச்சு நின்னு, 1920கள்ல மாவுப்பூச்சி மாதிரி இருக்கிற காச்சினியல் பூச்சிய விட்டப்புறம்தான் அடங்குச்சு. அந்தப் பாடு மறுபடி நமக்கு வேண்டாம்.

ஆனா அதோட ஊர்ல சோய்யா பெரிய உபகாரி, அதையும் சொல்லணும். கேக்டஸ் ரென்னுன்னு ஒரு குருவி, அரிசோனாவோட மாநிலப் பறவை, அந்த முள்ளுக்குள்ளயே பக்கவாட்டுல வாசல் வச்சுக் கூடு கட்டும், பாம்பு அவ்வளவு சுலபமா ஏற முடியாது. அந்த மண்ணோட தொஹோனோ ஓஓதம் மக்கள் வசந்த காலத்துல சில வகைகளோட பூமொட்டைப் பறிச்சு, முள்ளை உரசி எடுத்துட்டு, குழி அடுப்புல வேகவச்சுக் காயவச்சு வச்சுக்குவாங்க. நல்ல கால்சியம் உள்ள சாப்பாடு அது.

கேள்வி: மீன் தொட்டிக்கு ஓட்டை ஓட்டையா ஒரு கட்டை விக்கிறாங்களே, அதுவும் இதுதானா? - வாசகர், சென்னை

பதில்: ஆமா, செத்துப்போன சோய்யாவோட உள்கூடுதான் அது. சதை அழுகிப்போனதும் வலை மாதிரி மரக்குழல் மட்டும் மிஞ்சும். குட்டி இறாலுங்க உள்ள பூந்து ஒளிஞ்சுக்கும், மேல படியுற பாசியத் திங்கும். வாங்கினதும் கொதிக்க வச்சு, மிதக்காம முங்குற வரைக்கும் ஊறப்போட்டுட்டு வைங்க. தண்ணி கொஞ்சம் டீ கலர்ல மாறும், பயப்படாதீங்க. நாளாக நாளாக மெத்துனு ஆகி உதிரும், அப்போ வேற கட்டை மாத்திக்கலாம்.