ஐந்தாவது முடித்த ஆட்டிசக் குழந்தையைப் பெரிய பள்ளிக்கு எப்படிப் பழக்குவது?

ஐந்தாவது முடித்த மகனுக்கு ஆட்டிசம், ஜூனில் ஆறாவதுக்குப் பெரிய பள்ளியில் சேர்க்கிறோம், எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்நேரம் சொந்தபந்தத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதையெல்லாம் தள்ளி வையுங்கள். பையனை மட்டும் பழக்கினால் போதாது, பள்ளியையும் அவனுக்குப் பழக்க வேண்டும்.

நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம். என் மகன் படித்தது ஊருக்குள் இருக்கும் ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மணி என்றால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான். புதுப் பள்ளியில் பாடத்துக்கொரு சார், பீரியட்டுக்குப் பீரியட் எலக்ட்ரிக் பெல். மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு மாட்டுச்சாளைக்கு ஓடுகிற பிள்ளை அவன். அதனால் ஏப்ரலிலேயே தலைமையாசிரியரிடம் கேட்டு அந்த பெல் சத்தத்தை போனில் பதிவு செய்துகொண்டேன். முதலில் கேட்டும் கேட்காத அளவு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். சொல்லிவிட்டுத்தான் போடுவோம், பட்டனை அவன்தான் அழுத்துவான். "ஏஞ்சாமி, பெல்லடிச்சுருச்சா? அம்மிச்சிக்கு லீவு உட்டாச்சா?" என்று எங்கம்மா கேட்கக் கேட்க அது விளையாட்டாகிவிட்டது. பிள்ளை தவித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். வலுக்கட்டாயமாகச் செய்தால் பயம்தான் கூடும்.

மே மாதம் ஆளில்லாத நேரத்தில் கூட்டிப் போய் வகுப்பறை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் காட்டிப் படமெடுத்து ஒரு நோட்டில் ஒட்டினோம். கழிப்பறையை விட்டுவிடாதீர்கள். புது இடத்தில் சாயங்காலம் வரை அடக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அந்த அவஸ்தையைப் பள்ளியில் 'அடம்' என்று சொல்லிவிடுவார்கள்.

வகுப்பாசிரியருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எதற்குக் கலங்குவான், எப்படி அமைதியாவான், கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்ல வேண்டாம், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். "இப்படிக் குடுத்தா எங்களுக்கும் லேசுங்க" என்றார் அந்த டீச்சர்.

மறைத்தால்தான் சீட்டு கிடைக்கும் என்று இங்கேயே சிலர் சொல்வார்கள். அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஒரு தனியார் பள்ளியில் "மத்த பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க" என்று எங்களை வாசலோடு அனுப்பினார்கள். ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருக்கும் சிறப்பாசிரியரையும் போய்ப் பாருங்கள். நான் டாக்டர் இல்லை. சிறப்புப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களைக் குறை சொல்லவும் இல்லை, அவரவர் பிள்ளையை அவரவர்தான் அறிவார்கள்.

பள்ளி ஒருவழியாகச் சரியாகிவிட்டது, பஸ்தான் இன்னும் தீரவில்லை. தலைக்கு மேலே ஸ்பீக்கர், ஊரே அதிர ஏர் ஹாரன். சத்தத்தைக் குறையுங்கள் என்றால் "பாட்டுக்குன்னே ஏறுறாங்கக்கா" என்கிறார் கண்டக்டர். பச்சைக் குழந்தைகளும் வயசானவர்களும் அதே பஸ்ஸில்தானே வருகிறார்கள்? கேட்க ஆளில்லை. கடைசியில் அவன் அப்பாவே வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்.

இன்னொன்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை இப்போதே எடுத்துவிடுங்கள். பத்தாவது பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்கும்போது சான்றுகள் கையில் இருக்க வேண்டும். அந்த வருஷம் போய் அலைய முடியாது.