கலரை மாத்த 24 ஃபைலா?

கேள்வி: சார், நான் ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். கிளாஸ் வாரியா மார்க் போட்ட எக்செல் ஃபைல் 24 இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஒரு பார் சார்ட். நீல பாரை எல்லாம் பச்சையாக்கச் சொல்லிட்டாங்க ஹெச்எம். ஃபைலுக்குள்ள எக்ஸ்எம்எல்னு (தகவலைக் குறி போட்டு எழுதி வைக்கற டெக்ஸ்ட்) ஒண்ணு இருக்கு, அதுல மாத்தினா போதும்னு தம்பி சொல்றான். நிஜமாவா?
- பேர் போட வேண்டாம்னு எழுதின வாசகி

பதில்: தம்பி சொன்னது சரிதாங்க. எக்செல் 2007-ல வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் உண்மையில ஒரு ஜிப் மூட்டை, அதாவது பல ஃபைலை ஒண்ணா அமுக்கிக் கட்டினது. முதல்ல காப்பி எடுத்து வச்சுக்கோங்க (மறந்துட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க), ஃபைல் பேரோட வாலை (புள்ளிக்கு அப்புறம் வர்ற எக்ஸ்எல்எஸ்எக்ஸை) ஜிப்னு மாத்தித் திறந்தா எக்ஸ்எல்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள சார்ட்ஸ், அதுல உங்க சார்ட் இருக்கும், நோட்பேட்ல திறந்தா ஒரே வரியா நீளமா ஓடும், பயந்துடாதீங்க.

ஆனா அங்க நீலத்தைத் தேடினா பெரும்பாலும் கிடைக்காது, 'அக்சென்ட்1'னுதான் இருக்கும், அதாவது தீம்ல (ஃபைலோட கலர் செட்) முதல் அக்சென்ட் கலர் எதுவோ அதைப் போட்டுக்கோன்னு அர்த்தம். அதனால பக்கத்துல தீம் ஃபோல்டர்ல இருக்கற ஃபைலைத் திறந்து அக்சென்ட்1-க்கு நேரா இருக்கற ஆறு எழுத்தை 008000-னு மாத்துங்க, முன்னாடி ஹேஷ் (#) போடக் கூடாது. எல்லா ஃபைலும் ஒரே தீம்னா இந்த ஒரு ஃபைலை மத்த 23 ஜிப்லயும் அதே இடத்துல போட்டு, வாலைப் பழையபடி மாத்திட்டா முடிஞ்சுது. அதே கலர்ல டேபிள் ஏதாவது இருந்தா அதுவும் சேர்ந்து பச்சையாயிடும், பாத்துக்கோங்க. யாராவது கையால கலர் குடுத்த பார் மட்டும் மாறாது, அதுக்கு சார்ட் ஃபைல்லதான் கை வைக்கணும்.

அப்படி உள்ள போனீங்கன்னா 'கேப்விட்த்'னு (பாருக்கு நடுவுல விடற இடைவெளி) ஒண்ணு இருக்கும், புது எக்செல்ல நிமிர்ந்து நிக்கற பாருக்கு 219, அதை 50 ஆக்கினா பார் நல்லா குண்டாயிடும். மார்க் 100-க்கு மேல போகாதப்போ சார்ட் ஓரத்துல இருக்கற அளவுக்கோடு மட்டும் 120 வரைக்கும் போய் நிக்குதேன்னு நானும் ஒரு தடவை உள்ள போய் மேக்ஸ் (அதிகபட்சம்), மின் (குறைந்தபட்சம்) ரெண்டும் சேர்த்தேன், மின்னை முதல்ல எழுதிட்டேன், எக்செல் ரிப்பேர் பண்றேன்னு சொல்லி சார்ட்டையே தூக்கிடுச்சு! மேக்ஸ் முதல்ல, மின் அப்புறம், இந்த வரிசை மாறக் கூடாது. சார்ட் ஃபைல்ல தெரியற மார்க்கை மட்டும் மாத்தாதீங்க, அது வெறும் நகல், நிஜ மார்க் ஷீட்லதான் இருக்கு.

இனிமே போடற சார்ட்டுக்கு இந்த சர்க்கஸ் வேண்டாம், பிடிச்ச சார்ட்டை ரைட் கிளிக் பண்ணி டெம்ப்ளேட்டா சேவ் பண்ணிக்கோங்க.

கேள்வி: எக்ஸ்எம்எல்ல டேட்டா குடுத்தா சார்ட் வரையற ஒரு பழைய ப்ரோக்ராம் எங்ககிட்ட இருக்கு. 'டீ & காபி'ன்னு ஒரு பேர் சேர்த்ததுல இருந்து சார்ட்டே வரலை.
- கடை வச்சிருக்கற வாசகர்

பதில்: அந்த & குறிதாங்க வில்லன். எக்ஸ்எம்எல்ல அதைத் தனியா விட்டா மொத்த ஃபைலும் செல்லாது. குறிக்கு ஒட்டினாப்ல இங்கிலீஷ்ல ஏ, எம், பி, ஒரு செமிகோலன், எல்லாம் இடைவெளி இல்லாம போடுங்க. அவசரம்னா 'டீ, காபி'ன்னு எழுதிட்டு வியாபாரத்தைப் பாருங்க.